காலம் முடிந்ததா, முடியவில்லையா?

(கொழும்பு, புதுக்கடையில் சட்ட மாணவர்கள், இளம் சட்டத்தரணிகள், உரைபெயர்ப்பாளர்கள் ஆகியோர் முன்னிலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆங்கில இலக்கணத்தின் ஒரு சிறு பகுதியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பிரசன்ட் பெர்ஃபெக்ட் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்த வினைவடிவத்தோடு எந்தக் காலச்சொல் சேரும், எது சேராது என்பதே இன்றைய பொருள். ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை நீதிமன்ற வளாகத்துக்குப் பக்கத்தில் வைத்து ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். கொழும்பில் வேறெங்கும் பேசுவதைவிட இங்கே பேசுவதுதான் பொருத்தம் என்பது என் எண்ணம். ஒருவர் சொன்ன சொல் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாறி, முத்திரையும் கையொப்பமும் பெற்று, அவருடைய உரிமையைத் தீர்மானிக்கும் இடம் இது.

நம் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சிங்களத்தையும் தமிழையும் நீதிமன்ற மொழிகளாக ஏற்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் தமிழிலும், மற்ற இடங்களில் சிங்களத்திலும் கீழ்நிலை நீதிமன்றப் பதிவேடுகள் எழுதப்படுகின்றன. மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றத்திலும் நடைமுறையில் ஆங்கிலமே மேலோங்கி நிற்கிறது. கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஒரு தாய் தமிழில் சொல்வது முதலில் சிங்களத்துக்கும், வழக்கு மேலே போனால் ஆங்கிலத்துக்கும் போகும். சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்கான ஒழுங்குவிதியை 2023 மார்ச்சில் பாராளுமன்றம் நிராகரித்தது. தமிழில் சட்டம் படிக்கும் உரிமை காக்கப்பட்டது நல்லது. ஆனாலும் ஆங்கிலத்தில் ஒரு சத்தியக்கடதாசியைப் பிழையின்றி எழுதும் திறமை நமக்கு வேண்டாம் என்று அதற்குப் பொருளில்லை.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு செயல் நடந்த காலப்பகுதி முடிந்துவிட்டதென்றால், அந்தக் காலப்பகுதியைப் பெயர் சொல்லிக் குறிக்கும்போது ஆங்கிலம் சிம்பிள் பாஸ்ட் வடிவத்தையே கேட்கும். நேற்று, போன கிழமை, 1656இல், மூன்று வருடத்துக்கு முன், நான் சிறுவனாக இருந்தபோது ஆகியவை இந்த வகை. அந்தக் காலப்பகுதி இன்னும் ஓடிக்கொண்டிருந்து இந்த நிமிடத்தைத் தொட்டால், ஆங்கிலம் 'ஹாவ்' அல்லது 'ஹாஸ்' சேர்ந்த வடிவத்தைக் கேட்கும். 2014 முதல், பத்து வருடமாக, இதுவரை, இன்னும், இந்த வருடம் ஆகியவை இந்த வகை. ஆகவே எழுதுபவர் தன்னைக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நான் சொல்லும் காலம் முடிந்ததா, முடியவில்லையா?

இந்த ஊரையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். புதுக்கடையின் ஆங்கிலப் பெயர் ஹல்ஸ்டோர்ப். போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடிக்க முற்றுகையிட்ட ஒல்லாந்தத் தளபதி ஜெரார்ட் ஹல்ஃப்டின் பெயரால் வந்த பெயர் அது. அவர் 1656 ஏப்ரலில் இறந்தார், மே மாதத்தில் கொழும்பு வீழ்ந்தது. இவற்றை ஆங்கிலத்தில் எழுதும்போது 'டைட்', 'ஃபெல்' என்று மட்டுமே எழுதலாம். 'ஹாஸ் டைட் இன் 1656' என்று யாரும் எழுத முடியாது. அடுத்ததாக, பிரித்தானியர் காலத்திலிருந்து இங்கே நீதிமன்றங்கள் இயங்கி வருகின்றன என்று சொல்லுங்கள். தொடக்கம் பழையது, ஆனால் காலப்பகுதி இன்று காலைவரை நீள்கிறது. ஆகவே 'கோர்ட்ஸ் ஹாவ் சாட் ஹியர் சின்ஸ்' என்றுதான் வர வேண்டும். நிகழ்ச்சி எவ்வளவு பழையது என்பதை ஆங்கிலம் பார்ப்பதில்லை. காலப்பகுதியின் வாசல் இன்றைக்குத் திறந்திருக்கிறதா என்றே பார்க்கிறது.

இந்த விதி உலகப் பொது விதியும் அல்ல. ஜெர்மன் மொழியிலும் பிரெஞ்சிலும் இதே மாதிரித் துணைவினை சேர்ந்த வடிவம் உண்டு. அங்கே 'நேற்று' தாராளமாக அதனோடு சேரும். பேர்லினிலும் பாரிஸிலும் வளர்ந்த நம் பிள்ளைகள் ஆங்கிலம் எழுதும்போது இதே இடத்தில் இடறுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆங்கிலம் மட்டும் ஏன் மறுக்கிறது என்று அறிஞர்களும் கேட்டிருக்கிறார்கள். ஹான்ஸ் ரைக்கன்பாக் 1947இல் ஒரு விளக்கம் தந்தார். பேசும் நேரம், செயல் நடந்த நேரம், பேசுபவர் நின்று பார்க்கும் நேரம் என மூன்றைப் பிரித்தார். பிரசன்ட் பெர்ஃபெக்டில் பேசுபவர் நின்று பார்க்கும் இடம் இன்றைக்குள் இருக்கிறது. 'நேற்று' என்ற சொல் அந்த இடத்தை நேற்றைக்குள் இழுக்கிறது. இரண்டும் மோதுகின்றன. 1992இல் வூல்ஃப்காங் கிளைன் இதையே 'பிரசன்ட் பெர்ஃபெக்ட் புதிர்' என்று தலைப்பிட்டு ஆராய்ந்தார். இவ்வளவு பெரிய ஆய்வாளர்கள் மல்லுக்கட்டிய இடத்தில் நம் மாணவன் தடுமாறினால் அவனை மட்டம் தட்டுவதில் நியாயமில்லை.

இனித் தமிழுக்கு வருவோம். நம்முடைய தடுமாற்றத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

தொல்காப்பியம் காலத்தை மூன்றாக வகுத்தது. ஆனால் பேச்சிலும் எழுத்திலும் 'இரு', 'உள்', 'விடு', 'வரு' போன்ற துணைவினைகள் அந்த மூன்றுக்குள்ளும் நுட்பமான வேறுபாடுகளைக் காட்டுகின்றன. 'அவரைப் பார்த்திருக்கிறேன்' என்றால் வாழ்நாளில் எப்போதோ நடந்த அனுபவம். 'கடிதம் வந்திருக்கிறது' என்றால் வந்ததன் விளைவு மேசையில் இருக்கிறது. இந்த இரண்டும் ஆங்கிலத்தின் 'ஹாவ்' வடிவத்தோடு அப்படியே பொருந்தும். மூன்றாவது ஒன்று உண்டு. காலையில் முற்றம் நனைந்திருப்பதைப் பார்த்து 'ராத்திரி மழை பெய்திருக்கிறது' என்கிறோம். பெய்ததை நாம் காணவில்லை, அடையாளத்தை வைத்து ஊகிக்கிறோம். இந்த மூன்றாவது வகையில் தமிழ் 'நேற்று' என்ற சொல்லைத் தடையின்றி ஏற்றுக்கொள்ளும். சிங்களத்தின் 'கிஹில்லா' (போயிருக்கிறார்) போன்ற வடிவங்களும் 'ஈயே' (நேற்று) என்ற சொல்லை ஏற்கின்றன.

நம் பத்திரிகைத் தமிழ் இதை இன்னும் பழக்கமாக்கிவிட்டது. 'அமைச்சர் நேற்று தெரிவித்துள்ளார்', 'உயர் நீதிமன்றம் கடந்த வெள்ளிக்கிழமை தீர்ப்பளித்துள்ளது' என்று நாள்தோறும் வாசிக்கிறோம். தமிழில் அது வழக்காகிவிட்டது. அதை அப்படியே ஆங்கிலமாக்கினால் 'ஹாஸ் செட் யெஸ்டர்டே' என்று வருகிறது, பிழையாகிறது. ஆங்கிலச் செய்தியாளர் இதை இரண்டு வாக்கியமாகப் பிரிப்பார். முதல் வாக்கியத்தில் நாள் குறிக்காமல் 'த சுப்ரீம் கோர்ட் ஹாஸ் ரூல்ட்' என்பார். அடுத்த வாக்கியத்தில் நாளைக் குறித்து 'த ஜட்ஜ்மன்ட் வாஸ் டெலிவர்ட் ஆன் ஃபிரைடே' என்பார். செய்தியை 'ஹாஸ்' அறிவிக்கும், விவரத்தை சிம்பிள் பாஸ்ட் சொல்லும். ஆங்கிலப் பத்திரிகை வாசிக்கும்போது இந்த இரட்டை நடையைக் கவனியுங்கள். அதிலிருந்து கற்றுக்கொள்வது எளிது.

நீதிமன்றத்தில் இந்த விடயம் நடையோடு நின்றுவிடுவதில்லை. சாட்சிக்கூண்டில் நிற்கும் ஒருவர், 'அண்டைக்கு ராத்திரி அவர் வீட்டை வந்திருக்கிறார்' என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தமிழ் தெரிந்த எவருக்கும் புரியும், சாட்சி அவர் வந்ததைக் கண்ணால் காணவில்லை. பிறகு அறிந்தோ அடையாளம் கண்டோ சொல்கிறார். உரைபெயர்ப்பாளர் 'ஹி ஹாஸ் கம் தட் நைட்' என்றால் இலக்கணம் பிழைக்கிறது. அதைத் திருத்துகிறேன் என்று 'ஹி கேம் தட் நைட்' என்றால் இலக்கணம் சரியாகிறது, ஆனால் சாட்சியம் மாறிவிடுகிறது. ஊகம் கண்கண்ட உண்மையாகப் பதிவாகிறது. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், வாய்மொழிச் சான்று நேரடியானதாக இருக்க வேண்டும் என்று 60ஆம் பிரிவில் சொல்கிறது. கண்டவர் கண்டேன் என்று சொல்ல வேண்டும், கேட்டவர் கேட்டேன் என்று சொல்ல வேண்டும். அப்படியிருக்க, மொழிபெயர்ப்பே ஒருவரைக் கண்கண்ட சாட்சியாக்கிவிடலாமா? இந்த இடத்தில் 'மஸ்ட் ஹாவ் கம்' என்றோ, அவர் வந்ததாகத் தெரிகிறது என்ற பொருளில் 'இட் அப்பியர்ஸ் தட் ஹி கேம்' என்றோதான் சொல்ல வேண்டும். உரைபெயர்ப்பாளர்கள் இதைத் தங்கள் கடமையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது 'ஃபோர்', 'சின்ஸ்' என்ற இரண்டு சொற்கள். புதுக்கடையில் தட்டச்சாகும் கடதாசிகளில் அதிகம் பிழைக்கும் இடம் இது. 'ஐ ஆம் லிவிங் இன் வெள்ளவத்தை சின்ஸ் டென் இயர்ஸ்' என்று எழுதுகிறார்கள். இந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு பிழைகள் உண்டு. 'சின்ஸ்' ஒரு தொடக்கப் புள்ளியைக் கேட்கும், 'ஃபோர்' ஒரு நீளத்தைக் கேட்கும். இதற்குத் தமிழிலேயே தெளிவான வழி இருக்கிறது. '2014 முதல்' அல்லது '2014இலிருந்து' என்று சொல்ல வருமானால் 'சின்ஸ்'. 'பத்து வருடமாக' என்று சொல்ல வருமானால் 'ஃபோர்'. 'பத்து வருடத்துக்கு முன்' என்று சொல்ல வருமானால் 'அகோ', அதோடு சிம்பிள் பாஸ்ட். 'ஐ ஹாவ் ஜாயின்ட் பிஃபோர் த்ரீ இயர்ஸ்' என்று வேலை விண்ணப்பங்களில் வருவது 'மூன்று வருடத்துக்கு முன் சேர்ந்தேன்' என்பதன் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. 'ஐ ஜாயின்ட் த்ரீ இயர்ஸ் அகோ' என்று எழுதினால் போதும்.

அந்த வெள்ளவத்தை வாக்கியத்தின் இரண்டாவது பிழை வினையில். 'இருக்கிறேன்' என்று நிகழ்காலத்தில் சொல்லிப் பழகிய நாம் 'ஐ ஆம் லிவிங்' என்கிறோம். ஆனால் நம் உறுதிகளிலும் சத்தியக்கடதாசிகளிலும் 'வசித்து வருகிறேன்' என்று எழுதுவது வழக்கம். அந்த 'வருகிறேன்' என்ற துணைவினை கடந்த காலத்தில் புறப்பட்டு இன்றைய நாளுக்கு வந்து சேர்கிறது. 'ஹாவ் பீன் லிவிங்' என்பது செய்வதும் இதையே. ஆகவே ஒரு வாக்கியத்தைத் தமிழில் '-து வருகிறேன்' என்று மாற்றிப் பார்க்க முடிந்தால், ஆங்கிலத்தில் 'ஹாவ் பீன்' வேண்டும் என்று தயங்காமல் முடிவு செய்யலாம்.

இதன் சட்டப் பெறுமதியைப் பாருங்கள். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, வழக்குத் தொடரப்படுவதற்கு முந்திய பத்து வருட கால இடையறாத, இடையூறற்ற ஆட்சியைக் கேட்கிறது. நம்மவர் தமிழில் 'பத்து வருடங்களுக்கு மேலாக ஆண்டு அனுபவித்து வருகிறேன்' என்று சரியாகச் சொல்கிறார். ஆங்கிலத்தில் 'ஐ பொசஸ்ட் த லாண்ட் ஃபோர் டென் இயர்ஸ்' என்று எழுதிவிட்டால் என்ன பொருள்? எப்போதோ பத்து வருடம் ஆண்டார், பிறகு ஆளவில்லை என்றும் அதைப் படிக்கலாம். 'ஃபோர்' இரண்டு வடிவத்தோடும் சேரும் சொல். வினைதான் வாசலைத் திறந்தோ மூடியோ வைக்கிறது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்கும் முதல் கேள்விக்கு நாமே இடம் கொடுத்தவர்களாகிறோம். 'ஹாவ் பீன் இன் பொசஷன்' என்று எழுதியிருந்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

'கடந்த' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். 'கடந்த வருடம்' என்றால் 'லாஸ்ட் இயர்'. டிசம்பர் 31உடன் அது முடிந்தது, சிம்பிள் பாஸ்ட் வேண்டும். 'கடந்த ஒரு வருடமாக' என்றால் 'ஃபோர் த லாஸ்ட் இயர்'. அது இன்றுவரை நீள்கிறது, 'ஹாவ்' வேண்டும். ஒரு சிறு 'த' சேர்வதால் காலம் மாறுகிறது. 'இன்று காலை' என்பதும் அப்படித்தான். காலை பத்து மணிக்கு 'ஐ ஹாவ் ஸ்போக்கன் டு ஹிம் திஸ் மோர்னிங்' என்று சொல்லலாம். பிற்பகல் மூன்று மணிக்கு 'ஐ ஸ்போக்' என்றாக வேண்டும். 'இன்று', 'இந்தக் கிழமை' என்பவற்றோடு இரண்டு வடிவமும் வரும். நாளின் எந்த வேளையில் நடந்தது என்று மனதில் வைத்துச் சொன்னால் சிம்பிள் பாஸ்ட், இன்றைக்குள் நடந்தது என்று மட்டும் சொன்னால் 'ஹாவ்'.

'எவர்', 'நெவர்', 'ஆல்ரெடி', 'யெட்', 'ஜஸ்ட்' ஆகியவை பிரித்தானிய ஆங்கிலத்தில் 'ஹாவ்' வடிவத்தோடு இயல்பாக வரும். அமெரிக்கர் 'ஜஸ்ட்', 'ஆல்ரெடி' இரண்டையும் சிம்பிள் பாஸ்டோடும் பேசுவார்கள். இலங்கையில் நாம் பிரித்தானிய மரபில் எழுதுகிறோம். அதையே பின்பற்றுவோம். இவற்றில் 'எவர்' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. வீசா விண்ணப்பங்களில் 'ஹாவ் யூ எவர் பீன் ரிஃபியூஸ்ட் எ வீசா' என்ற வகைக் கேள்விகள் வரும். பிறந்த நாளிலிருந்து கையொப்பமிடும் இந்த நாள்வரை என்பது அதன் பொருள். இருபது வருடத்துக்கு முன் மறுக்கப்பட்டிருந்தாலும் 'ஆம்' என்றே எழுத வேண்டும். எந்த நாட்டில், எந்த ஆண்டில் என்ற விவரத்தை அடுத்த வரியில் சிம்பிள் பாஸ்டில் எழுத வேண்டும். 'இப்போது அப்படி ஒன்றுமில்லையே' என்று நினைத்து 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தால், பொய்த் தகவல் தந்தவர் என்ற பழி வந்து சேரும்.

இனி, இந்தப் பொருளை நான் பெரிதாக நினைப்பதன் காரணத்தைச் சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் ஒருவரை எழுவாயாக்கி 'ஹாஸ்' என்று சொன்னால், அவர் உயிரோடு இருக்கிறார் என்ற எண்ணமும் கூடவே வருகிறது. காந்தி 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்தார். இன்று 'காந்தி ஹாஸ் விசிட்டட் சிலோன்' என்று, ஆண்டைக் குறிப்பிடாமல்கூட, எழுத முடியாது. அவருடைய காலம் முடிந்துவிட்டது. 'காந்தி விசிட்டட்' என்றே எழுத வேண்டும்.

இப்போது காணாமற்போன பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் நம் தாய்மாரை நினைத்துப் பாருங்கள். 'என்ர பிள்ளை வரேல்லை' என்று ஒரு தாய் சொல்கிறாள். தமிழில் 'வரவில்லை' என்பது ஒரே வடிவம். 'அன்றைக்கு வரவில்லை' என்றால் முடிந்த ஒரு நாளின் செய்தி. ஆங்கிலத்தில் 'டிட் நாட் கம்'. 'இன்னும் வரவில்லை' என்றால் இந்த நிமிடம்வரை நீளும் காத்திருப்பு. ஆங்கிலத்தில் 'ஹாஸ் நாட் கம் யெட்'. தமிழில் வினை மாறவில்லை. 'அன்றைக்கு', 'இன்னும்' என்ற காலச்சொற்களே முழுப் பொருளையும் சுமக்கின்றன. மொழிபெயர்ப்பவர் அந்த 'இன்னும்' என்ற சொல்லை விட்டுவிட்டு 'மை சன் டிட் நாட் கம் ஹோம்' என்று எழுதினால், அந்தத் தாய் திறந்து வைத்திருக்கும் கதவை அவர் மூடிவிடுகிறார். 'மை சன் ஹாஸ் நாட் கம் ஹோம் சின்ஸ் மே 2009' என்று எழுதினால் அவள் சொன்னது அவள் சொன்னபடியே நீதிமன்றத்தை அடைகிறது.

சட்டமும் இந்த வேறுபாட்டை அறியும். 1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, ஏழு வருடங்களாக ஒருவரைப் பற்றிய செய்தி எதுவும் கேள்விப்படாவிட்டால், அவர் உயிரோடு இருக்கிறார் என்பதை நிரூபிக்கும் பொறுப்பு அப்படிச் சொல்பவர் மேல் விழும் என்றது. அந்தப் பிரிவின் வினை 'ஹாஸ் நாட் பீன் ஹேர்ட் ஆஃப்' என்ற வடிவத்தில் இருந்தது. நம் 1895ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அந்த இந்தியச் சட்டத்தைப் பின்பற்றி எழுந்தது. ஏழு வருடம் என்ற நீளத்தை இன்றோடு இணைப்பது அந்த 'ஹாஸ்' என்ற சொல்தான்.

நம் நாட்டில் 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் பெறத் தற்காலிக ஏற்பாடு செய்தது. பல குடும்பங்கள் அதை ஏற்க மறுத்தன. மரணச் சான்றிதழ் ஒன்றை வாங்கினால் பிள்ளையின் காலம் முடிந்தது என்று தாமே எழுதிக் கொடுப்பதாகும் என்று அவர்கள் உணர்ந்தார்கள். 2016இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, காணாமற்போனவர் என்பதற்கான தனிச் சான்றிதழ் வந்தது. அதே ஆண்டில் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும் வழி பிறந்தது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் வீதியோரத்தில் அமர்ந்து போராடத் தொடங்கினார்கள். அவர்கள் கேட்டது சான்றிதழை அல்ல, பதிலை. இந்த மனிதர்களுடைய மனுக்களை ஆங்கிலமாக்கும்போது ஒரு 'ஹாஸ்' எங்கே வர வேண்டும் என்று தெரியாமல் இருப்பது நமக்கு அழகல்ல.

ஆகவே இங்கே இருக்கும் இளையவர்களிடம் சில வேண்டுகோள்கள். ஒரு சத்தியக்கடதாசியை ஆங்கிலத்தில் எழுதி முடித்ததும், அதிலுள்ள காலச்சொற்களின் கீழ் மட்டும் ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொன்றையும் பார்த்து, இந்தக் காலம் முடிந்ததா, முடியவில்லையா என்று கேளுங்கள். முடிந்ததென்றால் 'ஹாவ்' இருக்கக்கூடாது. முடியவில்லையென்றால், 'இன்று', 'இந்தக் கிழமை' போன்றவை தவிர, 'ஹாவ்' இல்லாமல் இருக்கக்கூடாது. சந்தேகம் வந்தால் சொன்னவரிடமே திரும்பிப் போய்த் தமிழில் கேளுங்கள்: 'ஐயா, நீங்கள் இப்பவும் அங்கேதான் இருக்கிறீர்களா?' 'அம்மா, இதை நீங்கள் கண்ணால் கண்டீர்களா?' அந்த இரண்டு கேள்விகளுக்கு ஒரு நிமிடம் போதும்.

ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். 'ஹாவ்' வடிவத்தோடு 'யெஸ்டர்டே' வராது என்று மனப்பாடம் செய்ய வைப்பதோடு நிறுத்தாதீர்கள். 'முதல்', 'ஆக', 'முன்', 'இன்னும்', 'வருகிறேன்' என்ற நம் சொற்களிலிருந்து தொடங்குங்கள். தமிழை நன்றாக அறிந்த பிள்ளைக்கு இந்த ஆங்கிலம் விரைவில் பிடிபடும். தமிழை ஒதுக்கிவிட்டு ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்புகளில்தான் இந்தப் பிழை தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது.

மக்கள் தங்கள் காணியையும் தங்கள் பிள்ளைகளையும் பற்றி நம்மிடம் தமிழில் சொல்கிறார்கள். அவர்கள் முடிந்தது என்று சொன்னதை முடிந்ததாகவும், முடியவில்லை என்று சொன்னதை முடியாததாகவும் எழுதிக் கொடுப்பது நம் தொழிலின் முதல் கடமை. அதைச் சரிவரச் செய்யுங்கள்.